மலர்க்கொடி வீட்டுத் தகரம்

நீங்களே பாத்து முடிவு பண்ணிக்குங்கன்னு சொல்லிட்டாங்க. நேத்து சாயங்காலமே டிவியில கீழ ஓட ஆரம்பிச்சுடுச்சு, மழையின் தன்மையைப் பொறுத்து அந்தந்தப் பள்ளித் தலைமையாசிரியர்களே விடுமுறை குறித்து முடிவெடுத்துக்கொள்ளலாம், மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு. அதைப் படிச்சுட்டு இவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே. "சுகந்தி, நாளைக்கு நீதான் கலெக்டரு, எனக்கும் ஒரு லீவு போட்டுக் குடு"ன்னு. சொசைட்டி வேலையிலேருந்து ரிட்டயர் ஆகி மூணு வருஷமாகுது, இந்தக் கலியமூர்த்திக்கு எதுலேருந்து லீவு வேணுமோ. கலெக்டராம். கலெக்டருக்கு ஜீப்பு இருக்கு, தாசில்தார் இருக்காரு, வானிலை ஆபீஸ் இருக்கு. எனக்கு என்ன இருக்கு, தலைமாட்டுல ஒரு போனு, பக்கத்துல வாயத் திறந்துக்கிட்டுத் தூங்கற ஒரு மனுஷன், மேல கார்த்திகை மாசக் குளிர்லயும் கொசுவுக்காக ஓடியே ஆகணும்னு அந்த மனுஷன் அடம் பிடிக்கற ஒரு ஃபேன். இன்னும் விடியல. மழை பெய்யுதா இல்லையான்னே தெரியல, அதான் வேடிக்கை. மேல ஒரு வீடு, அதுக்கு மேல மொட்டை மாடி, இத்தனை கான்கிரீட்டுக்குக் கீழ படுத்துக்கிடக்கறவளுக்கு மழை எங்கேருந்து கேக்கும்? எங்க வீட்டுல மழை கேக்கறதுக்கே பக்கத்து வீட்டுக்காரங்க பைக் ஷெட்டுத் தகரம் வேண்டியிருக்கு. எழுந்து ஜன்னல லேசா தெறந்தேன், ஆமா, தகரத்துல படபடன்னு விழுது, தெருவிளக்கு வெளிச்சத்துல சாஞ்சு சாஞ்சு விழுது. சரி, பெய்யுது. ஆனா இது எங்க தெரு மழை. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது. ஸ்கூலு இருக்கற ஊருல என்ன மழைன்னு இல்ல தெரியணும். மழையின் தன்மை. அது என்ன தன்மை, சாதுவா, கோவக்காரனா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி விசாரிச்சா தெரியப் போவுது? ஜன்னலச் சாத்திட்டேன், முழங்கை நனைஞ்சு போச்சு.

கீழப்புலியங்குடி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இங்கேருந்து பஸ்ஸுல போகணும். ஹெட்மிஸ்ட்ரஸ் நான், கூட அருட்செல்வன் சார், ரெண்டே பேருதான் வாத்தியாருங்க. சின்ன ஸ்கூலுக்குச் சின்ன முடிவுதானேன்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தோணும். ஊருக்குள்ளேருந்து வர்ற பிள்ளைங்களப் பத்தி எனக்குக் கவலையில்ல, உரச் சாக்க மடிச்சுத் தலையில கொங்காணி போட்டுக்கிட்டு ஓடி வந்துடும். அக்கரைத் தெருதான். வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒரே வரிசையா வீடுங்க, நடுவுல ஒரு தரைப்பாலம். பாலம்னதும் பாலம்னு நெனச்சுக்கக் கூடாது. தரையோட தரையா ஒரு சிமெண்டுப் பாட்டை, கைப்பிடி கிடையாது, வெயில் காலத்துல அது பாலம், மழைக் காலத்துல அதுவும் வாய்க்கால். அதைத் தாண்டித்தான் கனிஷ்கா வரணும். மூணாங் கிளாஸு, முன்பல்லு ரெண்டும் இல்ல, காலைச் சாப்பாட்டுக்கு மொத ஆளா வந்து தட்டோட நிக்கும், ஸ்கூல் உண்டுன்னா எது வந்தாலும் வந்துடும். அதான் பயம். பிள்ளைங்க கிளம்பறதுக்குள்ள பெற்றோர் குரூப்புல நான் ஒரு வார்த்தை போட்டாகணும், பள்ளி உண்டு, இல்ல விடுமுறை. சரி, பேசாம லீவுன்னு போட்டுட்டு இழுத்துப் போத்திக்கலாமேன்னா, அங்கதான் மனசு போயி மாட்டிக்குது. போன வருஷம் லீவு விட்ட அன்னைக்குத்தானே அது நடந்தது. லீவுன்னதும் பிள்ளைங்க வீட்டுக்குள்ளயா இருக்கும்? தரைப்பாலத்துல தேங்கா ஒண்ணு மெதந்து வந்துருக்கு, புடிக்கறேன்னு இந்தக் கனிஷ்கா குனிஞ்சுருக்கு, அவ்வளவுதான். துணி அலசிக்கிட்டிருந்த எங்க ஸ்கூல் சமையல்காரி மலர்க்கொடி பாய்ஞ்சு தலைமுடியப் பிடிச்சு இழுத்ததால பொழைச்சுது. மறுநாள் ஸ்கூலுக்கு வந்து, "தண்ணிக்குள்ள கண்ண முழிச்சுப் பாத்தேன் டீச்சர், டீத்தண்ணி மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்லிச்சு பாருங்க. ஸ்கூலு வெச்சா பாலத்தத் தாண்டும், லீவு விட்டா பாலத்துல வெளையாடும். இதுல மழையின் தன்மை எங்க இருக்கு?

அதே கனிஷ்காதான் ஒரு நாள் கேட்டுது. உப்புமா தின்னுக்கிட்டே, வாயில பாதி வெச்சுக்கிட்டு, "மழை லீவு யாரு டீச்சர் சொல்றது?" கலெக்டர் சொல்வாருன்னேன். "கலெக்டர் சாருக்கு நம்மூர்ல மழைன்னு யாரு சொல்றது?" தாசில்தார் சொல்வாருன்னேன். "அவருக்கு?" வி.ஏ.ஓ. சொல்வாரு. "அவருக்கு?" சாப்புடுடின்னு அதட்டிட்டேன். ஆனா அந்தக் கேள்வி என்னைய விட்டாதானே. நெஜமாவே யாரு சொல்றது? யோசிச்சா யோசிச்சா சிரிப்பா வருது. மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்களக் கேக்கறாங்க, அவங்க அதுக்குக் கீழ. கடைசியில யாரோ ஒருத்தர் போனைக் காதுல வெச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டுவாரு. உள்ளங்கை நனைஞ்சா கனமழை, நனையலன்னா தூறல். அந்த உள்ளங்கை ஈரம்தான் ஏறி ஏறிப் போயி அறிவிப்பா வருது போல. அதுவும் பாதி நாள் எப்ப வரும், பிள்ளைங்கெல்லாம் நனைஞ்சுக்கிட்டு வந்து உக்காந்து, உப்புமாவும் வெந்து முடிஞ்சப்புறம் வரும். இந்தத் தடவை உள்ளங்கையே வேணாம்னு என்கிட்ட விட்டுட்டாங்க. எங்க வட்டாரக் கல்வி அலுவலர் பி.ஈ.ஓ. மேடமும் தலைமையாசிரியர் குரூப்புல ஒரே வரி, "தலைமையாசிரியர்கள் சூழ்நிலையறிந்து செயல்படவும்." என்ன ஒரு சௌகரியமான வரி. நாளைக்கு ஒண்ணுன்னா சூழ்நிலைய நீ ஏன் அறியலம்பாங்க. அந்த வரிக்கு இதுவரைக்கும் பதினஞ்சு பேரு கும்பிடு போட்டிருக்காங்க, ஒருத்தரும் முடிவு சொல்லல. பூனைக்கு யாரு மணி கட்டறது. பக்கத்து ஊரு தமயந்தி டீச்சர் இப்பவே முழிச்சிருக்காங்க போலிருக்கு, ஆன்லைன்னு காட்டுது. எனக்கு முன்னாடி அவங்க சொல்லட்டும்னு நான் பாக்கறேன், எனக்கு முன்னாடி இவ சொல்லட்டும்னு அவங்க பாக்கறாங்க.

ஆனா என்கிட்ட ஒரு வித்தை இருக்கு, இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, இவர்கிட்ட கூட. சொன்னா சிரிப்பாரு. காலைச் சாப்பாடு சமைக்கற மலர்க்கொடி இருக்காளே, அவ வீடும் அக்கரைத் தெருவுலதான், கடைசி வீடு, தகரக் கூரை. மழை எப்படி இருக்குன்னு அவளக் கேட்டுப் பிரயோசனமில்ல. இடி இடிச்சாலும் "பரவால்ல டீச்சர், வாங்க"ம்பா. அவளுக்கு ஸ்கூல் இருக்கணும், பிள்ளைங்க வயிறு காயக் கூடாது, அவ கூலியும் போகக் கூடாது, அவளைக் குத்தம் சொல்ல முடியாது. அருட்செல்வன் சாரைக் கேட்டா தூறலுக்கே "ரோடெல்லாம் ஆறு மேடம்"பாரு. அவங்கவங்க ஆசைக்கு ஏத்த மழை. அதனால நான் மலர்க்கொடிக்குப் போன் பண்ணுவேன், ஆனா அவ பேசறத கேக்க மாட்டேன், பின்னாடி தகரத்தக் கேப்பேன். தகரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. லேசா பொரி வறுக்கற மாதிரி கேட்டா தூறல். அவ பேசறது நடு நடுவுல முழுங்கிப் போனா நல்ல மழை. "என்னா டீச்சர், என்னா டீச்சர்"னு அவ கத்தி, எனக்கு ஒரு எழவும் புரியலன்னா லீவு, வேற பேச்சே கிடையாது. இத்தனை வருஷத்துல அந்தத் தகரம் என்னைய ஒரு தடவ கூட ஏமாத்தினதில்ல. பி.ஈ.ஓ. மேடம் ஒரு தடவை மேடையிலயே சொன்னாங்க, சுகந்தி டீச்சர் லீவு விட்டா கரெக்டா இருக்கும்னு. நான் பெருமையா தலையக் குனிஞ்சுக்கிட்டேன். இப்பவும் அதான் பண்ணினேன், சமையல்கட்டுக்கு வந்து, கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு அவளைக் கூப்புட்டேன். மொத ரிங்குலயே எடுத்தா. "என்ன மலர்க்கொடி, மழை எப்படி?" "பரவால்ல டீச்சர், வாங்க." அதே பாட்டு. ஆனா குரல்! மணி மாதிரி, அவ மூச்சு விடறது கூடக் கேக்குது. தகரம் பேசவே இல்ல. ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. அதுக்குப் பதிலா வேற என்னவோ ஒண்ணு, டக், டக், டக், அப்புறம் ஒரு சர்ர்ர், மறுபடியும் டக், டக், டக். நான் இன்னும் கொஞ்சம் காதைக் குடுக்கறதுக்குள்ள "வெச்சிடறேன் டீச்சர்"னுட்டு வெச்சுட்டா. வழக்கமா அவ வெக்க மாட்டா, நான்தான் வெக்கணும்.

ஆச்சரியமா இருக்கு. இங்க இந்தக் கொட்டு கொட்டுது, அங்க சுத்தமா இல்லங்கறதா? இருக்கும், இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையே அப்படித்தானே, மாட்டோட ஒரு கொம்பு நனையும் ஒரு கொம்பு நனையாதும்பாங்க. பாலைக் காய வெச்சுக்கிட்டே தமயந்தி டீச்சருக்கு அடிச்சேன். "நீங்க என்ன பண்ணப் போறீங்க டீச்சர்?" "நீங்க என்ன பண்ணப் போறீங்க?" "உங்க ஊருல எப்படி?" "உங்க ஊருல எப்படி?" கிளிப்பிள்ளை ரெண்டு பேசிக்கிட்ட மாதிரி ஆச்சு. கடைசியில அவங்களே, "என் பிள்ளைங்களுக்கு வாய்க்கால் இல்ல டீச்சர், நீங்க சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு"ன்னாங்க. அதுவும் நெசந்தான். வெச்சதும் அருட்செல்வன் சார்கிட்டேருந்து ஒரு போட்டோ. ரோட்டு மேல முழங்கால் தண்ணி, பைக்கு பாதி முழுகி நிக்குது, கீழ "சூழ்நிலை மேடம்" அப்படின்னு ரெண்டே வார்த்தை. எனக்குப் பகீர்னு ஆச்சு, அப்புறம் உத்துப் பாத்தேன். ஓரத்துல புளியமரம் நிக்குது. அட பாவி மனுஷா, அந்தப் புளியமரம் போன வருஷப் புயல்லயே விழுந்து, அறுத்து வெறகாக்கி, அதுல ரெண்டு கட்டை நம்ம ஸ்கூல் அடுப்புலயே எரிஞ்சுதே! போன வருஷத் தண்ணிய இந்த வருஷத்துக்கு அனுப்பறாரு. கோவம் வரல, சிரிப்புத்தான் வந்துச்சு. ஒரு லீவுக்கு மனுஷங்க படற பாடு இருக்கே. ஆனா ஒண்ணு நிச்சயமாச்சு, சாரோட மழையும் பொய், எங்க தெரு மழையும் அங்க போகாது, தகரம் சும்மா இருக்கு. பெற்றோர் குரூப்பத் திறந்து அடிச்சேன், "இன்று பள்ளி உண்டு." விரல் அந்த அம்புக்குறி மேல கொஞ்ச நேரம் நின்னுச்சு. டக், டக், டக், சர்ர்ர். என்ன சத்தம் அது? சரி போன்னு அமுக்கிட்டேன்.

போட்டதும் ஊருக்குள்ள இருக்கறவங்ககிட்டேருந்து வரிசையா வருது, ஓகே மிஸ், சரிங்க டீச்சர், ஒரு பய அவங்கப்பா போன்லேருந்து அழுவுற பொம்மை நாலு போட்டிருக்கான். அக்கரைத் தெருவுலேருந்து ஒண்ணும் வரல. பாத்தேன், அவங்க யாருக்கும் இன்னும் போய்ச் சேரவே இல்ல, ஒத்த டிக்குதான் காட்டுது. தூங்கறாங்களா இருக்கும், இல்ல கரண்ட் இருக்காது, மழைக்காத்துன்னா அந்தத் தெருவுக்குத்தான் மொதல்ல புடுங்குவான், போன்ல சார்ஜ் இருக்காது. காத்து இருந்தா மழை இல்லாம எப்படி? காபிய ஆத்தினேன், நொரை எழும்புது, மனசு அந்தச் சத்தத்துலயே நிக்குது. கோழி ஏதாவது தகரத்தக் கொத்துதா? கோழி மூணு தடவை எண்ணிக் கொத்திட்டு சர்ர்னு இழுக்குமா? தையல் மிஷினா? மலர்க்கொடிகிட்ட மிஷின் ஏது. கொழாய் சொட்டறதா? அவ வீட்டுல ஏதுடி கொழாய். எனக்கு நல்லாத் தெரிஞ்ச சத்தம், தினம் கேக்கற சத்தம், அதான் எரிச்சல், தெரிஞ்ச ஆளு பேரு நாக்கு நுனியில நின்னுக்கிட்டு வராத மாதிரி. அவ குரலும் ஒரு மாதிரி இருந்துச்சு. சுவத்துல பட்டுத் திரும்பி வந்த மாதிரி. அவ குரல்ல கொஞ்சம் பயம் இருந்துச்சோ? என்கிட்ட என்ன பயம் அவளுக்கு. அந்த ஸ்மார்ட் போர்டு விஷயத்துக்கு அப்புறம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். போன தடவை மழையில ரெண்டு குடும்பத்தக் கொண்டாந்து வகுப்புல படுக்க வெச்சு, புதுசா மாட்டின போர்டு மேலயே ஈரப் புடவையப் போட்டுட்டாங்க, அது அப்படியே நின்னு போச்சு, நான் கத்தின கத்துல ஊரே வந்துடுச்சு. இனிமே கேக்காம தெறந்தா சாவிய வாங்கிடுவேன்னேன். சாவி அவகிட்டதான் இருக்கு, ரவையும் பருப்பும் சமையல்கட்டுல வெச்சா எலி தின்னுடுதுன்னு என் ரூம் பீரோவுலதான் வெச்சிருக்கோம், அதனால ஸ்கூல் சாவி, என் ரூம் சாவி ரெண்டும் அவகிட்ட. அது கெடக்கட்டும். காபிய எடுத்துக்கிட்டு இவரை எழுப்பப் போனேன்.

போயி கட்டில்ல உக்காரறேன், டப்புனு கரண்ட் போச்சு. இருட்டு. மேல ஃபேன் வேகம் கொறைஞ்சு கொறைஞ்சு, கடைசிச் சுத்துல றெக்கை எதுலயோ ஒரசி, டக், டக், அப்புறம் ஒரு சர்ர். நின்னுடுச்சு. என் கையில இருந்த காபி அப்படியே நின்னுச்சு. ஃபேன். அது ஃபேன் சத்தம். என் ரூம் ஃபேன், தலைமையாசிரியர் அறையில என் நாற்காலிக்கு நேரா மேல, ஒத்தப் பக்கமா ஆடி ஆடி ஓடற ஃபேன், மாத்தித் தாங்கன்னு எழுதி எழுதி ஓஞ்சு போன ஃபேன், தினம் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் என் மண்டை மேல டக் டக் டக் சர்ர். அவ என் ரூமுக்குள்ளேருந்து பேசியிருக்கா. அய்யோ. அவ வீட்டுலயே இல்ல. கான்கிரீட்டுக்குக் கீழ நின்னுக்கிட்டுப் பேசியிருக்கா. கான்கிரீட்டுக்குக் கீழ மழை கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா, விடிய விடிய அதுக்குக் கீழதானே நானே படுத்துக் கெடந்தேன்! அப்ப தகரம் பேசலங்கறது மழை இல்லன்னு ஆகுமா? தகரமே அங்க இல்லடி முட்டாள் பொம்பள. ஆழம் தெரியாம கால விடாதேன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு நான் ஆழம் பாக்காம ஒரு தெருப் பிள்ளைங்களையே எறக்கி விட்டுட்டேனே. குரூப்பத் திறந்தேன், "இன்று பள்ளி உண்டு", என் பேருதான் மேல இருக்கு. அழிச்சேன். அழிச்சா போதுமா, ஊருக்குள்ள அதைப் படிச்சவன் ஒருத்தன் வாய்க்கா கரையிலேருந்து அந்தாண்ட கத்திச் சொல்லியிருப்பான், ஸ்கூல் உண்டுடோய்னு, அதான் அங்க வழக்கம், போனு போகலன்னா தொண்டை போகும். கனிஷ்கா கிளம்பியிருக்கும். மொத ஆளா, தட்டோட. மலர்க்கொடி இந்தக் கரையில இருந்தா, அந்தக் கரையில யாரு இருக்கா முடியப் புடிச்சு இழுக்க? டீத்தண்ணி மாதிரி இருந்துச்சு டீச்சர். காபி புடவையில கொட்டிச்சு, சுட்டது கூட உறைக்கல. மலர்க்கொடிக்கு அடிச்சேன். ரிங்கு போவுது, போவுது, எடுக்கல. மறுபடி. எடுக்கல. இவர் இருட்டுல எழுந்து "என்னடி, என்ன ஆச்சு, யாருக்கு என்ன"ன்னு கேக்கறாரு, நான் கதவைத் தெறந்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டேன், சாரல் மூஞ்சில அடிக்குது, மாரியாத்தா, இந்த ஒரு தடவை மட்டும் விட்டுடு, இனிமே தகரத்தக் கேக்க மாட்டேன், மனுஷங்களக் கேக்கறேன், வாயத் திறந்து கேக்கறேன்.

மூணாவது தடவை எடுத்தா. "டீச்சர், வெளிய அடுப்புகிட்ட இருந்தேன் டீச்சர்." இப்ப பின்னால மழை கேக்குது, சோன்னு, வெட்டவெளியில விழற மழை. "மலர்க்கொடி, நீ எங்க இருக்க? ஸ்கூல்லயா?" அவ கடகடன்னு, "கோவிச்சுக்காதீங்க டீச்சர், சொல்லலாம்னுதான் இருந்தேன், பயமா இருந்துச்சு. நேத்து பொழுது சாயறப்பவே காத்துல எங்க வீட்டுத் தகரம் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு டீச்சர், வயல்ல கெடக்கு. வாய்க்காலும் ஏறிக்கிட்டே வந்துச்சு. பாலம் முழுகறதுக்குள்ள தாண்டிடுவோம்னு எல்லாரையும் கெளப்பிக்கிட்டு வந்துட்டேன். உங்க ரூமுலயும் ரெண்டு வகுப்புலயும் இருக்கோம். போர்டு பக்கமே யாரையும் விடல டீச்சர், சத்தியமா. பிள்ளைங்க துணி காயட்டும்னு ஃபேன் மட்டும் போட்டோம்." "எல்லாரும்னா யாரு, அந்தாண்ட யாராவது இருக்காங்களா?" "ஒரு குஞ்சு இல்ல டீச்சர், ஆடு கூட இங்கதான் நிக்குது." வாசப்படியில அப்படியே உக்காந்துட்டேன். அழுகையா சிரிப்பான்னு தெரியாம ஒண்ணு வந்துச்சு. அந்தத் தகரம் வயல்ல கெடக்காம். எவ்வளவு வருஷமா கேட்டிருக்கேன் அதை, பொரி வறுக்கற சத்தம், முழுங்கற சத்தம், எழவும் புரியாத சத்தம். அந்தச் சத்தத்துக்குக் கீழ இவங்கெல்லாம் எப்படித் தூங்கறாங்கன்னு ஒரு நாள் எனக்குக் கேக்கத் தோணலயே. எனக்கு அது மழை அளக்கற கருவி, அவளுக்கு அது வீடு. "சாமி வரம் குடுத்தாலும் நான் ஒரு பூசாரி உக்காந்திருக்கேன் பாரு, எனக்குப் பயந்துக்கிட்டா சொல்லாம இருந்த?"ன்னேன். அவ சிரிக்கலாமா வேணாமான்னு யோசிச்சு, கொஞ்சமா சிரிச்சா. "ரவை எல்லாருக்கும் காணுமா?" "பெரியவங்களுக்குக் காணாது டீச்சர்." "போடு, எல்லாத்தையும் போடு, வர்ற வழியில நான் வாங்கிட்டு வரேன்."

அதுக்குள்ள அந்தாண்ட போனைப் பிடுங்கற சத்தம், "குடுடி"ன்னு மலர்க்கொடி, "இரு அத்தே, நான் டீச்சர்கிட்ட ஒண்ணு கேக்கணும்"னு ஒரு பிஞ்சுக் குரல். மூச்சு வாங்கற சத்தம், பல்லு இல்லாத வாய்க்குள்ள காத்து போற சத்தம். கனிஷ்காதான். "டீச்சர்." "சொல்லுடி கண்ணு." "இன்னைக்கு லீவா டீச்சர்?" இதுக்கு மட்டும் எப்பவும் ஒரு கேள்வி இருக்கும். ஸ்கூலுக்குள்ளயே படுத்து எழுந்துட்டு ஸ்கூல் உண்டான்னு கேக்குது பாரு. "ஏண்டி, லீவு வேணுமா உனக்கு?" "இல்ல டீச்சர்." போனைத் தூக்கிக்கிட்டு என் ரூமுக்குள்ள ஓடியிருக்கு, பின்னால ஃபேன் டக் டக்குனு ஓடுது. அப்புறம் மெதுவா, பக்கத்துல யாருக்கும் கேக்கக் கூடாதுங்கற மாதிரி, "லீவுன்னா நாங்க எல்லாம் இங்கேருந்து போயிடணுமா?" அந்த நேரம் பாத்து உள்ளேருந்து இவர் போனைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடி வராரு, "சுகந்தி! சுகந்தி! கலெக்டரே லீவு விட்டாச்சு, மாவட்டம் பூராவும் லீவு, இப்பதான் வந்துச்சு, உனக்கு இனிமே பிரச்சினையில்ல, போய்ப் படு!" போனை உள்ளங்கையால பொத்திக்கிட்டு இவரைப் பாத்தேன். என்ன பார்வை பாத்தேனோ தெரியல, மனுஷன் வாய மூடிக்கிட்டாரு. கைய எடுத்தேன். "இல்லடி"ன்னேன், "இன்னைக்கு ஸ்கூல் உண்டு. நான் கெளம்பி வந்துக்கிட்டே இருக்கேன்."